பெரிய நிறுவனங்களிடம் நம் உரிமையைக் கேட்பது எப்படி?

 

சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் ஆஸ்பத்திரி பில்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டுகள், ஆங்கிலத்தில் ஒரு கடிதம். கணவர் வேலை பார்த்த இடத்தில் ஊழியர்கள் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தார்கள். கணவருக்கு இதய ஆபரேஷன் நடந்தது. நகையை விற்றும் கைமாற்று வாங்கியும் பில்லைக் கட்டினார்கள். பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் கேட்டபோது, நோய் முன்பே இருந்ததாகவும் அதை மறைத்துவிட்டதாகவும் எழுதி மறுத்துவிட்டார்கள். அந்தக் கடிதம்தான் பையில் இருந்தது.

அவர் எங்களிடம் வந்தது அதைப் பற்றிப் பேச அல்ல. கடன்காரர்கள் நெருக்குகிறார்கள், ஜகாத் நிதியிலிருந்து ஏதாவது கிடைக்குமா என்று கேட்கத்தான் வந்தார். கடிதத்தைப் பற்றி நாங்களாகவே விசாரித்தோம். "அவ்வளவு பெரிய கம்பெனியோட நாம மல்லுக்கட்ட முடியுமாங்க? விட்டுட்டோம்" என்றார். கடிதம் வந்து பதினாறு மாதங்கள் ஆகியிருந்தன. அத்தனை நாளும் பீரோவில் கிடந்திருக்கிறது.

மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருடத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போயிருந்தால் ஒரு பைசா கட்டணம் இல்லாமல் விசாரித்திருப்பார்கள். அந்தக் கெடு முடிந்துவிட்டது. நுகர்வோர் ஆணையத்துக்கான கெடு இரண்டு வருடம் என்பதால் அந்தக் கதவு மட்டும் திறந்திருந்தது. மனு போட்டிருக்கிறோம். விசாரணை நடக்கிறது. முடிவு அல்லாஹ்வின் கையில்.

அந்தச் சகோதரிக்கு நிதியிலிருந்தும் உதவினோம். ஆனால் அவருக்குச் சேர வேண்டியது அவருடைய சொந்தப் பணம். அதைக் கேட்டு வாங்கும் வழி தெரியாததால் அவர் கை நீட்டும் நிலைக்கு வந்தார். நம் மஹல்லாவில் இப்படி எத்தனை பீரோக்களில் எத்தனை கடிதங்கள் கிடக்கின்றனவோ என்ற கவலைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

மக்காவில் ஒரு வெளியூர் வியாபாரி

சீறா படித்தவர்களுக்கு ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கை தெரிந்திருக்கும். யமனில் உள்ள ஸபீத் என்ற ஊரிலிருந்து ஒரு வியாபாரி சரக்கோடு மக்காவுக்கு வந்தார். குறைஷிகளில் செல்வாக்குள்ளவரான ஆஸ் இப்னு வாயில் அந்தச் சரக்கை வாங்கிக்கொண்டு விலையைக் கொடுக்க மறுத்தார். வியாபாரி பல குலத்தாரிடம் முறையிட்டார். ஆஸைப் பகைத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. கடைசியில் அவர் அபூ குபைஸ் மலையில் ஏறி நின்று, கஅபாவைச் சுற்றி இருந்தவர்களின் காதில் விழும்படி தனக்கு நடந்த அநியாயத்தை உரக்கச் சொன்னார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தந்தையின் சகோதரர் ஸுபைர் அதைக் கேட்டு முயற்சி எடுத்தார். சில குலத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் கூடினார்கள். மக்காவில் யாருக்கு அநியாயம் நடந்தாலும், அவர் உள்ளூர்க்காரரோ வெளியூர்க்காரரோ, அவருடைய உரிமை திரும்பக் கிடைக்கும்வரை அவர் பக்கம் ஒன்றாக நிற்பது என்று உறுதி எடுத்தார்கள். ஆஸிடம் போய்ப் பணத்தை வாங்கிக் கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் இளைஞரான நம் நபி (ஸல்) அவர்களும் இருந்தார்கள். நபித்துவம் கிடைத்த பிறகும், அப்படி ஓர் உடன்படிக்கைக்கு இன்று அழைக்கப்பட்டாலும் ஏற்றுக்கொள்வேன் என்ற கருத்தில் அதைப் பெருமையோடு நினைவுகூர்ந்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, அந்த வியாபாரி வாயை மூடிக்கொண்டு ஊர் திரும்பவில்லை. தன் குறையை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். இரண்டு, தனி ஆளாக அவரால் முடியாதது நாலு பேர் சேர்ந்ததும் முடிந்தது. மூன்று, உறுதி எடுத்தவர்கள் தங்கள் குலத்தானா என்று பார்க்கவில்லை. உரிமை யாருடையது என்று மட்டும் பார்த்தார்கள்.

அன்று ஆஸ் என்ற ஒரு மனிதர் இருந்த இடத்தில் இன்று காப்பீட்டு நிறுவனமும் வங்கியும் தொழிற்சாலையும் இருக்கின்றன. அவற்றுக்கு முகம் இல்லை. கஸ்டமர் கேரில் பேசுகிறவர் ஒருவர், முடிவெடுக்கிறவர் வேறொருவர். அதனால் கேட்கும் முறையை நாம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பீடி சுற்றிய கைகள்

1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவு, போபாலில் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் பூச்சிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் என்ற விஷவாயு கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். 5 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அந்தக் காற்றைச் சுவாசித்தார்கள். தொழிற்சாலையைச் சுற்றி இருந்தவை கூலித் தொழிலாளர்கள் வாழ்ந்த குடியிருப்புகள். ஹிந்துக்களும் முஸ்லிம்களும் கலந்து வாழ்ந்த இடம். வாயு யாரையும் பார்த்து வரவில்லை.

அங்கே வாழ்ந்த ரஷீதா பீ, சிறு வயதிலேயே பீடி சுற்றியவர். பள்ளிப்படிப்பு கிடையாது. பர்தாவில் வளர்ந்தவர், வீட்டு வாசலைத் தாண்டிப் பழக்கமில்லாதவர். விபத்துக்குப் பிறகு கணவரால் வேலைக்குப் போக முடியவில்லை. பாதிக்கப்பட்ட பெண்களுக்காக அரசு தொடங்கிய எழுதுபொருள் தயாரிப்புக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே சம்பா தேவி சுக்லா என்ற சகோதரியைச் சந்தித்தார். இருவரும் குடும்பத்தில் பலரை இழந்தவர்கள். இருவரும் சேர்ந்து அந்தப் பெண்களுக்கு ஒரு சங்கம் அமைத்தார்கள். முதலில் கேட்டது நியாயமான சம்பளம். 1989இல் அந்தப் பெண்கள் போபாலிலிருந்து டெல்லிவரை நடந்தே போனார்கள்.

அதே 1989இல் உச்ச நீதிமன்றத்தில் யூனியன் கார்பைடு 47 கோடி டாலர் கொடுப்பதாகச் சமரசம் ஆனது. பாதிக்கப்பட்ட மக்களைக் கேட்காமல் எழுதப்பட்ட சமரசம் அது. பெரும்பாலானவர்கள் கையில் கிடைத்தது ஆளுக்கு 25,000 ரூபாய் அளவில்தான். ஆயுள் முழுவதும் மூச்சுத் திணறலோடு வாழ்கிறவருக்கு அது எத்தனை நாள் வரும்? 2001இல் யூனியன் கார்பைடை டவ் கெமிக்கல் நிறுவனம் வாங்கியது. அந்தப் பழைய பொறுப்பு எங்களைச் சேராது என்றது. ரஷீதா பீயும் சம்பா தேவியும் 2002இல் டெல்லியில் உண்ணாவிரதம் இருந்தார்கள். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய் டவ் அதிகாரிகளிடம் நீட்டி, நீங்கள் வாங்கிய அழுக்கை நீங்களே கூட்டுங்கள் என்றார்கள். 2004இல் இருவருக்கும் உலக அளவில் மதிக்கப்படும் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. அந்தப் பணத்தில் விஷவாயுவாலும் அசுத்த நீராலும் பாதிக்கப்பட்டுப் பிறந்த குழந்தைகளுக்காக சிங்காரி அறக்கட்டளையைத் தொடங்கினார்கள்.

முழு நீதி கிடைத்ததா? இல்லை. 2010இல் இந்திய அதிகாரிகள் ஏழு பேருக்குக் கிடைத்த தண்டனை இரண்டு வருடச் சிறை. நிறுவனத்தின் தலைவராக இருந்த வாரன் ஆண்டர்சன் இந்திய நீதிமன்றத்தில் நிற்காமலே 2014இல் இறந்துபோனார். கூடுதல் இழப்பீடு கேட்ட மனுவை 2023இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தொழிற்சாலையில் கிடந்த கழிவில் 337 டன் அங்கிருந்து எடுத்துச் செல்லப்பட்டது 2025 ஜனவரியில்தான். நாற்பது வருடம்.

ஆனாலும் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1986இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் போபாலுக்குப் பிறகு வந்தது. ஆபத்தான தொழில் நடத்துகிறவர், நான் கவனமாகத்தான் இருந்தேன் என்று தப்பிக்க முடியாது, சேதத்துக்கு முழுப் பொறுப்பு அவருடையதே என்ற விதியை உச்ச நீதிமன்றம் டெல்லியில் நடந்த இன்னொரு வாயுக் கசிவு வழக்கில் வகுத்தது. 1991இல் ஆபத்தான பொருள்களைக் கையாளும் நிறுவனங்கள் கட்டாயம் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது. நம் ஊருக்குப் பக்கத்தில் இன்று ஒரு ரசாயன ஆலை இருந்தால், அதன் மேல் இருக்கும் கட்டுப்பாடுகளுக்குப் பின்னால் போபால் பெண்களின் கண்ணீரும் இருக்கிறது.

கொடைக்கானலில் நடந்தது

நம் மாநிலத்திலும் ஓர் உதாரணம் இருக்கிறது. கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. அமெரிக்காவிலிருந்து 1980களில் இங்கே கொண்டுவரப்பட்டது; பிறகு ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. தெர்மாமீட்டருக்குள் இருப்பது பாதரசம். அது காற்றில் ஆவியாகும், மூச்சோடு உள்ளே போகும், நரம்பையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். அங்கே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர் இளைஞர்கள்.

2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடப்பதை ஊர்மக்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் வெளியே கொண்டுவந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் ஏறக்குறைய 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. ஏழை நாட்டில் கொட்டிய கழிவு, வந்த வழியே திரும்பிப் போவது அபூர்வம்.

முன்னாள் தொழிலாளர்களுக்கு இழப்பீடு? வேலையால் யாருக்கும் உடல்நலக் கேடு வரவில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு. 2006இல் தொழிலாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பத்து வருடம் வழக்கு நடந்தது. 2015இல் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் இதைப் பற்றி ஒரு ராப் பாடல் வெளியிட, லட்சக்கணக்கானவர்கள் அதைப் பார்த்தார்கள். நிறுவனத்தின் உலகத் தலைமையே பதில் சொல்ல வேண்டி வந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது.

இங்கே எந்த ஒரு வழியும் தனியாக வெல்லவில்லை. தடயத்தைக் கையும் களவுமாகப் பிடித்தவர்கள், பதினைந்து வருடம் சிதறாமல் இருந்த சங்கம், நீதிமன்றம், உலகத்தின் கவனம் எல்லாம் சேர்ந்தபோதுதான் உடன்பாடு வந்தது. சங்கம் நடுவில் கலைந்திருந்தால் பாடல் மட்டும் என்ன செய்திருக்கும்?

பாலாறு நம்மைக் கேட்கும் கேள்வி

இதுவரை சொன்னவை யாரோ செய்த தவறுகள். நம்மவர்கள் சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையானதாக இருக்காது.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று பாலாற்றுப் பகுதியின் தோல் தொழிலில் முஸ்லிம் வணிகர்களின் பங்கு பெரியது. அந்தத் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. பள்ளிகளும் கல்லூரிகளும் மதரஸாக்களும் அந்த வருமானத்தில் எழுந்தன. அதே தொழிலின் கழிவுநீர் பாலாற்றிலும் நிலத்திலும் கலந்தது. கிணறுகள் கெட்டன. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதாக ஒரு வேளாண் ஆய்வு மையத்தின் கணக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது.

வழக்குப் போட்டது வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற சாதாரண மக்களின் அமைப்பு. 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே நஷ்டத்தைக் கொடுக்க வேண்டும், கெட்ட ஆற்றைச் சரிசெய்யும் செலவும் அவருடையதே என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் அதில் அறிவித்தது. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாதவற்றை மூடச் சொன்னது. அந்தத் தீர்ப்பு இன்றும் நாடு முழுவதும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆறு இன்னும் சுத்தமாகவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கவும், கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட வேண்டியிருந்தது.

நமக்கு எதிராகவோ பெற்றோருக்கு எதிராகவோ நெருங்கிய உறவினருக்கு எதிராகவோ இருந்தாலும் நீதியில் நிலைத்து நிற்கச் சொல்கிறது சூரத்துன் நிஸாவின் 135ஆம் வசனம். அளவில் குறைப்பவர்களை எச்சரித்துத் தொடங்குகிறது சூரத்துல் முதஃப்ஃபிஃபீன். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரமாக இருந்ததைக் கண்டு, ஈரத்தை மேலே தெரியும்படி வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்டவர்கள் நம் நபி (ஸல்). அந்த வியாபாரி எந்தக் குலம் என்று அவர்கள் விசாரிக்கவில்லை. எனவே நம் சகோதரர் நடத்தும் கம்பெனி என்பதற்காக நாம் வாயை மூடிக்கொண்டால், மற்றவர்களிடம் நீதி கேட்கும் தகுதி நமக்குக் குறைந்துவிடும். தொழில் நடத்தும் சகோதரர்களே, உங்கள் வாசலில் ஒரு விவசாயி புகாரோடு வந்து நின்றால் அவரை எதிரியாகப் பார்க்காதீர்கள். மறுமையில் அவர் நம்மைப் பிடித்து நிறுத்துவதைவிட இங்கே வந்து கேட்பது நமக்கு நல்லது.

நம் வீட்டளவில் என்ன செய்யலாம்?

போபால் அளவுக்குப் பெரிய அநியாயம் எல்லோருக்கும் நடப்பதில்லை. நமக்கு அன்றாடம் நடப்பது கெட்டுப்போன ஃபிரிட்ஜ், மறுக்கப்பட்ட காப்பீடு, கணக்கிலிருந்து காரணமில்லாமல் பிடிக்கப்பட்ட பணம், தவணை வசூலுக்கு வருபவரின் மிரட்டல். இவற்றுக்கான வழிகள்:

1. பில்லும் எழுத்தும். பில் வாங்காமல் எதையும் வாங்காதீர்கள். பில் தர மறுப்பதே சட்டப்படி குற்றம் சொல்லத்தக்க வணிக முறை. வாரன்டி அட்டை, பாலிசி, கடன் ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். புகாரை முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் கொடுங்கள். போனில் பேசினால் தேதி, நேரம், புகார் எண் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். கடிதம் அனுப்பினால் தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இது இல்லாததால்தான் பாதிப் புகார்கள் தோற்கின்றன.

2. நுகர்வோர் உதவி எண் 1915. நிறுவனம் பதில் தராவிட்டால் இந்த எண்ணில் புகாரைப் பதியலாம். கட்டணம் இல்லை. இது நீதிமன்றம் இல்லை. நிறுவனத்திடம் புகாரை எடுத்துச் சென்று தீர்க்க முயலும் ஏற்பாடு. சிறிய புகார்கள் பல இங்கேயே முடிந்துவிடும்.

3. மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்வரை இருந்தால் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். அது 5 லட்சம்வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். இணையம் வழியாகவும் போடலாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடம் கெடு. ஒரே குறை பலருக்கு இருந்தால் சேர்ந்தே ஒரு மனு போடவும் சட்டத்தில் இடம் உண்டு.

4. வங்கியும் நிதி நிறுவனமும். முதலில் வங்கிக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448.

5. காப்பீடு. நிறுவனத்துக்கு எழுதி 30 நாள் ஆகியும் பதில் இல்லாவிட்டாலோ மறுத்துவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆரம்பத்தில் சொன்ன சகோதரிக்குத் தவறிப்போன கதவு இதுதான்.

6. குழுக்கடன். வட்டி பற்றிய மார்க்கச் சட்டம் எல்லோருக்கும் தெரியும். அதிலிருந்து விலகி இருக்கவே நாங்கள் எப்போதும் சொல்கிறோம். ஆனால் நெருக்கடியில் மாட்டிக்கொண்ட பெண்ணை மிரட்ட யாருக்கும் உரிமை இல்லை. ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, நுண்கடன் நிறுவனத்தின் ஆட்கள் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பிறகோ வசூலுக்காகத் தொடர்புகொள்ளக் கூடாது. கெட்ட வார்த்தை பேசக் கூடாது. உறவினரையும் அண்டை வீட்டாரையும் தொல்லைப்படுத்தக் கூடாது. கடன் வாங்கியவர் பெயரை வெளியிட்டு அவமானப்படுத்தக் கூடாது. மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கவும் கூடாது. மீறினால் மேலே சொன்ன குறைதீர்ப்பாளரிடம் போகலாம். மிரட்டினால் காவல் நிலையத்துக்கும் போகலாம்.

7. இலவசச் சட்ட உதவி. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் அரசின் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். பெரும் விபத்துகளிலும் தொழிற்சாலை விபத்துகளிலும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. எண் 15100. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அலுவலகம் இருக்கிறது.

ஊரளவில் என்ன செய்யலாம்?

ஒரு தொழிற்சாலையின் கழிவோ புகையோ நம் தெருவைப் பாதித்தால், முதலில் தேவை தகவல். தகவல் அறியும் உரிமைச் சட்டம் தனியார் நிறுவனத்தை நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த ஆலைக்கு அனுமதி கொடுத்தது அரசின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அனுமதியின் நிபந்தனைகள் என்ன, கடைசியாக எப்போது ஆய்வு செய்தார்கள், அறிக்கை என்ன சொல்கிறது என்று வாரியத்திடம் கேட்கலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய மனு போதும். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இரண்டாவது, உள்ளாட்சி. பாலக்காடு மாவட்டத்தில், நம் எல்லையை ஒட்டிய பிளாச்சிமடாவில் கோகோ கோலா ஆலை வந்த பிறகு கிணறுகள் வற்றின, தண்ணீர் கெட்டது என்று 2002இல் ஆதிவாசிப் பெண்கள் போராட்டம் தொடங்கினார்கள். மயிலம்மா அவர்களில் முன்னணியில் நின்றவர். 2003இல் பெருமாட்டி பஞ்சாயத்து ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004இல் ஆலை நின்றது. ஒரு சிறிய பஞ்சாயத்தின் தீர்மானம் உலக நிறுவனத்தை நிறுத்தியது. ஆனால் கேரள அரசின் உயர்மட்டக் குழு 2010இல் கணக்கிட்ட 216 கோடி ரூபாய் நஷ்டத்தை மக்களுக்கு வாங்கித் தருவதற்கான மசோதா, சட்டமன்றத்தில் நிறைவேறியும் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெறவில்லை. ஆலையை நிறுத்துவது ஒரு போராட்டம், நஷ்டத்தை வாங்குவது அதைவிட நீண்ட போராட்டம் என்பதை அது காட்டுகிறது. நம் மாநிலத்தில் வருடத்துக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. நம்மில் எத்தனை பேர் போகிறோம்?

மூன்றாவது, சென்னையில் இருக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு. பாதிக்கப்பட்டவர் யாரும் அங்கே மனு செய்யலாம். இங்கேயும் கெடு உண்டு: பொதுவான சுற்றுச்சூழல் வழக்குக்கு ஆறு மாதம், இழப்பீட்டுக்கு ஐந்து வருடம்.

வாங்காமல் இருப்பதும் ஓர் ஆயுதம்

ஒரு நிறுவனத்தின் பொருளைப் புறக்கணிக்கச் சொல்லி நம் போனுக்கு அடிக்கடி செய்திகள் வருகின்றன. புறக்கணிப்புக்குச் சக்தி உண்டு. 1977இல் அமெரிக்காவில், ஏழை நாடுகளில் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பால்பவுடரைத் தாய்மார்களிடம் திணித்த முறைக்கு எதிராக நெஸ்லே பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. 1981இல் உலக சுகாதார அமைப்பு பால்பவுடர் விளம்பரத்துக்கு நெறிமுறை வகுத்தது. அதைப் பின்பற்ற நிறுவனம் ஒப்புக்கொண்ட பிறகு, 1984இல் அந்தப் புறக்கணிப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. இந்தியாவிலும் 1992இல் இதற்குத் தனிச் சட்டம் வந்தது. இன்று பால்பவுடர் டப்பாவின் மேல் தாய்ப்பாலே சிறந்தது என்ற அறிவிப்பு இருப்பதற்கு இதுதான் பின்னணி.

அந்த இயக்கத்துக்கு ஒரே ஒரு தெளிவான கோரிக்கை இருந்தது, கையில் ஆதாரம் இருந்தது, ஏழு வருடப் பொறுமை இருந்தது. நமக்கு வரும் பல செய்திகளில் இந்த மூன்றுமே இருப்பதில்லை. யாரோ அனுப்பிய படத்தை நம்பி, சம்பந்தமே இல்லாத ஒரு கடைக்காரரின் பிழைப்பைக் கெடுத்துவிட்டால் அதற்கும் நாளை பதில் சொல்ல வேண்டும். செய்தி வந்தால் விசாரித்துத் தெளிவு பெறுங்கள் என்பது குர்ஆனின் கட்டளை (49:6). அநியாயத்தைக் கேட்கப் புறப்பட்டவர் அநியாயம் செய்துவிடக் கூடாது.

நாங்கள் செய்யப்போவது

இந்த மாதத்திலிருந்து, இன்ஷா அல்லாஹ், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்குப் பிறகு அஸர் வரை அறக்கட்டளை அலுவலகத்தில் ஒரு மேசை இருக்கும். ஆங்கிலக் கடிதத்தைப் படித்துத் தமிழில் சொல்வோம். புகார் எழுதிக் கொடுப்போம். கெடு தேதியை ஒரு நோட்டில் குறித்து, நெருங்கும்போது நினைவூட்டுவோம். படித்த இளைஞர்களும் கல்லூரி மாணவிகளும் வாரம் இரண்டு மணி நேரம் கொடுக்க முன்வந்தால் இது நடக்கும். எந்த மதத்தைச் சேர்ந்த அக்கம்பக்கத்தாரும் வரலாம். மக்காவில் எடுத்த அந்த உறுதியில் வெளியூர்க்காரருக்கும் இடம் இருந்தது.

உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். இன்று வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து பாருங்கள். பதில் எழுதாமல் விட்ட கடிதம் ஏதாவது இருந்தால், அதில் உள்ள தேதியை முதலில் பாருங்கள். பிறகு எடுத்துக்கொண்டு வாருங்கள். எல்லாவற்றிலும் வெற்றி கிடைக்கும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. கேட்காமலே உரிமையை இழந்தவராக யாரும் நம் மஹல்லாவில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

யா அல்லாஹ்! அநியாயம் செய்வதிலிருந்தும், அநியாயத்துக்கு முன்னால் ஊமையாகி நிற்பதிலிருந்தும் எங்களைக் காப்பாற்றுவாயாக. ஆமீன்.